மீன் சமைக்காத கரவன்

1

1976 யூன் 11, வெள்ளிக்கிழமை. ஐந்தரைக்கு எழும்பிக் கேத்திலை வைத்தேன். தேத்தண்ணி குடித்தபடி முதல் நாள் நாட்குறிப்பை எழுதினேன். அந்தந்த இரவே எழுதினால் அன்றைய கோபமும் சேர்ந்து எழுதப்பட்டுவிடும் என்பதால், மறுநாள் காலையில் எழுதுவதே என் வழக்கம். ஆறேமுக்காலுக்கு கிளென் வேவர்லியில் ரயில் ஏறினேன். பாதையின் அந்தத்தில் உள்ள நிலையம் என்பதால் அங்கே எப்போதும் இருக்க இடம் கிடைக்கும். கந்தோரில் ஒரு கழிவுநீர்க் குழாயின் நெடுக்குவெட்டுப் படத்தை முடித்துக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடுவதில்லை ஆதலால் மதியம் தக்காளியும் வெங்காயமும் வைத்த பாண். மகாராணியின் பிறந்தநாளுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. எல்லோரும் அதைப்பற்றியே கதைத்தார்கள். எலுமிச்சை மரத்தைக் கத்தரித்துவிடுவதைத் தவிர எனக்கு வேறு திட்டம் இருக்கவில்லை.

வீடு திரும்பியபோது வாசலில் யோகனின் கார் நின்றது.

யோகநாதன் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறான். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். கார் பொருத்தும் தொழிற்சாலை ஒன்றில் கணக்குப் பகுதியில் வேலை. என்னை அண்ணை என்பான். ஊரில் ஒருவரையொருவர் தெரியாது. இங்கே வந்த பிறகு ஏற்பட்ட பழக்கம். அவன் மனைவி திலகா அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. அதற்கு முதல் வருடம் ஒரு பிள்ளை வயிற்றிலேயே தவறியிருந்தது. அதனால் இம்முறை அவளை நடக்கவும் விடாமல் காத்துக்கொண்டு திரிந்தான்.

அன்று அவன் எங்கள் வரவேற்பறையில் நின்றபடியே பேசினான். கதிரை காட்டியும் இருக்கவில்லை. தலை ஈரமாக இருந்தது.

"அண்ணை, நாளைக்குக் காலமை கடற்கரைக்குப் போறம். கரவன் ஒண்டு எடுத்திட்டன். திங்கள் பின்னேரம் திரும்பலாம்."

"இந்தக் குளிருக்குள்ளயோ?"

"குளிரெண்டபடியால்தான் மலிவு."

ஊரில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும். பூமியின் தென்பாதியில் இருப்பதால் இங்கே யூன் மாதம் குளிர்காலம். கரவன் என்பது சில்லுப் பூட்டிய சிறு வீடு. படுக்கை, குசினி, மேசை எல்லாம் ஒரே அறைக்குள். கோடையில் வெள்ளைக்காரர் அதைக் கடற்கரையில் நிறுத்தி வாரக்கணக்கில் இருப்பார்கள். ஆனால் வீட்டுக்குள் ஹீட்டர் போடாமல் இரண்டு சுவெற்றர் போட்டுக்கொள்கிற யோகன் திடீரென்று குளிர்காலத்தில் கரவன் எடுக்கிறான் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கவேண்டும். அவன் போனபின் மலரிடம் கேட்டேன். என் மனைவி எதற்கும் விளக்கம் சொல்லக்கூடியவள். அன்று, "போட்டு வருவமே, என்ன குறைஞ்சு போச்சு" என்றாள். வீட்டு நடையில் எங்கள் பயணப்பை ஏற்கெனவே நிரப்பிப் பூட்டியபடி இருந்தது. அதாவது, எனக்குச் சொல்லப்படுவதற்கு முன்பே நான் போவதாக முடிவாகிவிட்டது.

2

சனிக்கிழமை ஐந்து பேரும் யோகனின் காரிலேயே போனோம். வழியில் ஒரு கடையில் மீனும் உருளைக்கிழங்குப் பொரியலும் வாங்கினோம். யோகன் கிழங்கை மட்டும் சாப்பிட்டான். வயிறு சரியில்லையாம். மணம் பிடிக்கவில்லை என்று திலகாவும் மீனைத் தொடவில்லை. மலரும் தன் மீனை என் கடதாசிக்கு மாற்றிவிட்டாள். நானும் மகள் நளாயினியும்தான் சாப்பிட்டோம். அவளுக்குப் பதினான்கு வயது. காதில் றேடியோவின் வயரைச் செருகிக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் "யா" என்றாள்.

கரவன் பூங்கா விரிகுடாவின் கரையில், குட்டை மரங்களுக்கு நடுவே இருந்தது. பாதிக்கு மேல் வெறுமை. வாசற் பலகையில் விதிகள் எழுதியிருந்தன. நான் எல்லாவற்றையும் வாசித்தேன். ஒரு கரவன் ஒரு குடும்பத்துக்கு மட்டுமே என்பது அவற்றில் ஒன்று. உள்ளே மனேஜர் அம்மா பதிவுப் படிவத்தை நீட்டினார். எங்கள் பெயர்கள் கட்டங்களுக்குள் அடங்கவில்லை. கடைசி எழுத்துக்களை விளிம்பில் மேலிருந்து கீழாக எழுதவேண்டி வந்தது. இரண்டு பெயர்களையும் பார்த்துவிட்டு நீங்கள் ஒரே குடும்பமா என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள், "பிறதர்ஸ்" என்றான் யோகன். மனேஜர் அம்மா அப்படியே எழுதினார்.

வெளியே வந்ததும், ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன். நான் என் பெற்றோருக்கு ஒரே பிள்ளை. கையெழுத்திட்ட படிவத்தில் இல்லாத தம்பியை வைத்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. வழக்கமாக அவன் இதற்கு ஏதாவது பகிடி விடுவான். அன்று, "விடுங்கோ அண்ணை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனான்.

எனக்கு எதையோ விற்கப் பார்க்கிறான் என்பதே என் முதற் சந்தேகம். கடற்கரைக் காணியில் பங்கு சேரச் சொல்லி இங்கே பலர் அலைகிறார்கள். பின்னேரம் வரை அவன் வாயிலிருந்து காணி என்ற சொல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. அது என்னை இன்னும் குழப்பியது.

3

ஞாயிறு காலை, கடலுக்குள் நீண்டிருந்த மரப்பாலத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு கிழவரோடு கதைத்தேன். சிவப்புக் கம்பளித் தொப்பியும் முழங்கால் வரை றப்பர் சப்பாத்தும் போட்டிருந்தார். வாளியிலிருந்து இரண்டு மீனை எடுத்துத் தந்தார். செவுள் இன்னும் துடித்தது. கரவனுக்குக் கொண்டுபோய் மலரிடம் நீட்டினேன்.

"வேண்டாமப்பா. நான் பருப்பும் கத்தரிக்காயும் வைச்சிட்டன்."

மலர் கரையூர்ச் சந்தையின் மீனைச் சாப்பிட்டு வளர்ந்தவள். உறையவைத்த மீனைத் தின்னவேண்டிய நாட்டுக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்று வந்த நாள் முதல் என்னைத் திட்டுகிறவள். துடிக்கிற மீனை அவள் வேண்டாம் என்று சொல்வதை நான் அதுவரை கேட்டதில்லை. அன்று வெள்ளிக்கிழமையும் அல்ல. மீனை மனேஜர் அம்மாவின் பூனைக்குக் கொடுத்துவிட்டு வந்து கதவைத் திறந்தேன். மலரும் யோகனும் ஏதோ குசுகுசுத்துக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று நிறுத்திவிட்டார்கள்.

அதற்குப் பிறகு எல்லாமே கண்ணில் பட்டன. பூங்கா வாசலில் ஒரு ரெலிபோன் பெட்டி இருந்தது. யோகன் இரண்டு தரம் தனியாக அங்கே போனான். கேட்டபோது, காரின் டயரைப் பார்க்கப் போனதாகச் சொன்னான். திலகா என்னிடம் இருபது சத நாணயக் குற்றிகள் இருக்கின்றனவா என்று கேட்டு வாங்கினாள். குளிக்கும் இடத்தில் குற்றி போட்டால்தான் சுடுதண்ணி வரும் என்றாள். உண்மைதான். ஆனால் ஏழு மாதக்காரி அந்தக் குளிரில் காலையில் ஒரு தரம், மதியம் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம் எதற்காகக் குளிக்கவேண்டும்? ரெலிபோனுக்கும் இருபது சதக் குற்றி பொருந்தும் என்பதைக் குறித்துக்கொண்டேன்.

மலரோ அன்று நான் சொன்ன எதையும் மறுக்கவில்லை. கரவன் ஜன்னலைப் பூட்டச் சொன்னேன், பூட்டினாள். திறக்கச் சொன்னேன், திறந்தாள். பதினேழு வருட மணவாழ்க்கையில் அப்படி ஒரு நாள் வந்ததில்லை. நான் மெல்லத் திலகாவின் பக்கம் திரும்பி ஏதாவது கேட்கத் தொடங்கினால், உடனே என் தட்டில் இன்னொரு அகப்பை சோறு விழுந்தது.

அந்தச் சோறுதான் என்னை விழிக்கச் செய்தது.

4

எங்கள் ஆட்கள் தூர இடத்தில் இருப்பவனுக்குச் சாவைச் சொல்லும் முறை ஒன்று இருக்கிறது. நான் கொழும்பில் படவரைஞனாக இருந்தபோது, ஒரு பின்னேரம் கூட வேலை செய்த மூன்று பேர் என் அறைக்கு வந்தார்கள். "அப்பாவுக்குக் கொஞ்சம் கடுமையாம்" என்றார்கள். உடனே புறப்பட விடவில்லை. முதலில் சைவக்கடைக்குக் கூட்டிக்கொண்டுபோய் வயிறு நிறையச் சோறு தின்ன வைத்தார்கள். ஒருவன் ரிக்கற் எடுத்தான். இன்னொருவன் என்னோடு மெயில் ரயிலில் ஏறி, விடியும்வரை கிரிக்கெற் கதைத்துக்கொண்டு வந்தான். நான் சிரிக்கவும் செய்தேன். ஸ்ரேசனில் சித்தப்பா சட்டையில்லாமல் தோளில் துண்டோடு நிற்பதைக் கண்டபோதுதான் விளங்கியது. அப்பா முதல் நாளே போய்விட்டார். அவர் கிடத்தப்பட்டிருந்த நேரத்தில் நான் இரண்டாந்தரம் சோறு வாங்கித் தின்றிருக்கிறேன்.

பிறகு நானே இன்னொருவனுக்கு அதையே செய்திருக்கிறேன். அதனால் படிமுறை எனக்கு மனப்பாடம். கூட்டமாக வருவார்கள். சாப்பிட வைப்பார்கள். தனியே விடமாட்டார்கள். ரெலிபோனுக்குக் கிட்டப் போகவிடமாட்டார்கள்.

ஊரில் அம்மா தனியாக இருந்தார். மூச்சிழுப்பு நோய். மூன்று வாரமாகக் கடிதமில்லை. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். மீன் இல்லை, குசுகுசுப்பு, ரெலிபோன், சோறு, யூன் மாதக் கடற்கரை. விடை ஒன்றுதான் வந்தது.

ஆனாலும் சோதிக்காமல் நான் எதையும் ஏற்பதில்லை. ஞாயிறு இரவுச் சாப்பாட்டின்போது, நாளைக்கு மனேஜர் அம்மாவிடம் கேட்டு ஊருக்கு ஒரு கோல் போடப்போகிறேன், அம்மாவின் குரல் கேட்டுக் கனகாலம் என்று சொன்னேன். சொல்லிவிட்டு முகங்களைப் பார்த்தேன்.

"லைன் பழுதாம் அண்ணை" என்றான் யோகன்.

"ஆர் சொன்னது?"

"வேலையில கதைச்சவங்கள்."

தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே திலகா சொன்னாள். "இப்ப ஏன் அண்ணை? வீட்ட போய் ஆறுதலா எடுங்கோவன்."

திலகாவுக்குக் கூடத் தெரிந்திருக்கிறது. கர்ப்பிணிப் பெண்ணுக்குச் சொன்னவர்கள் எனக்குச் சொல்லவில்லை. நான் மேலே கேட்கவில்லை. மலர் இன்னொரு அகப்பை சோறு போட்டாள். அதையும் சாப்பிட்டேன். இரண்டாவது முறையாக.

5

திங்கள் விடியத் தொடங்கியதும் எழும்பினேன். மற்றவர்கள் நித்திரை. ஒரே மகன் கொள்ளி வைக்கவில்லை. கடலிலாவது முழுகவேண்டும் என்று தோன்றியது. குளியலறைக் கண்ணாடியின் முன்னால் நின்று, பச்சைத்தண்ணீரில் மீசையை வழித்தேன். இருபது வயதிலிருந்து இருந்த மீசை. என்னிடம் வேட்டி இல்லை. படுக்கும் வெள்ளைச் சாரத்தைக் கட்டிக்கொண்டேன். மலரின் சாமான் பெட்டிக்குள் எள்ளுத் தேடினேன். கடுகுதான் இருந்தது. கடுகு வேண்டாம் என்று ஒரு பிடி அரிசி எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனேன்.

அந்தத் தண்ணீரின் குளிரை நான் வர்ணிக்கப்போவதில்லை. இடுப்பளவில் நின்று அரிசியைக் கடலில் விட்டேன். ஏதாவது சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன். பல் கிட்டிப்போய்ச் சொல் வரவில்லை. ஒரு தரம் முழுகினேன். இரண்டாவது முறை முழுகி எழும்பியபோது பாலத்தில் யாரோ கத்துவது கேட்டது. மூன்றாவது முறை முழுகினேன். அப்போது ஒரு கை என் கழுத்துக்குப் பின்னால் பிடித்தது.

சிவப்புத் தொப்பிக் கிழவர். நான் மூழ்குவதும் எழும்புவதுமாக இருந்ததைப் பார்த்து, அமிழ்கிறேன் என்று நினைத்துச் சப்பாத்தோடு இறங்கிவிட்டார். நான் விளங்கப்படுத்தப் பார்த்தேன். பல்லடிப்பில் அது அவருக்கு உயிர்போகிறவனின் முனகலாகக் கேட்டிருக்கவேண்டும். கரைக்கு இழுத்துவந்து மணலில் போட்டுவிட்டு, உதவிக்கு ஆள் கூப்பிட்டார். கரவன் கதவுகள் திறந்தன.

மலர்தான் முதலில் ஓடி வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"ஐயோ, மீசை எங்கயப்பா?"

"எனக்குத் தெரியும் மலர். இனி மறைக்கத் தேவையில்லை. அம்மா போயிட்டா."

"உங்களுக்கென்ன விசரே? மாமி அங்க நல்லா இருக்கிறா."

"அப்ப செத்தது ஆர்?"

அந்தக் கேள்வியை நான் உரத்துக் கேட்டேன். கேட்ட பிறகுதான் மலரின் கண் எனக்குப் பின்னால் போனதைக் கண்டேன். போர்வையைச் சுற்றிக்கொண்டு திலகா வந்து நின்றாள். பக்கத்தில் நின்ற யோகன் அப்படியே மணலில் குந்திவிட்டான். கிழவர் சப்பாத்தைக் கழற்றித் தண்ணீரை ஊற்றினார்.

"எங்கட அப்பா, அண்ணை" என்றாள் திலகா.

யோகன் நிமிர்ந்து பார்த்தான். அவள் அவனிடம் சொன்னாள். "எனக்கு வெள்ளிக்கிழமையே தெரியும். வேலையால வந்து, வீட்டுக்குள்ள வராமல் பின்வளவுப் பைப்பில தலை முழுகினீங்கள். கேக்க ஒயில் பட்டதெண்டீங்கள். கணக்கெழுதிற ஆளுக்கு எங்கால ஒயில்?"

"அது… மாமாதான் எண்டு எப்பிடி…"

"உங்கட பக்கத்தில ஆருமெண்டா என்னட்டத்தானே அழுதுகொண்டு ஓடி வந்திருப்பியள்."

"பிறகேன் மூண்டு நாளும் பேசாமல் இருந்தனீ?"

"நீங்கள் இவ்வளவு கஸ்ரப்பட்டு ஒளிக்கிறியள். பாவமாக் கிடந்துது." போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "அழுகிறதுக்குக் குளியலறை இருந்ததுதானே. இருபது சதத்துக்கு அஞ்சு நிமிசம்."

6

பிறகுதான் எல்லாம் சொன்னார்கள். வெள்ளி மதியம் திலகாவின் ஒன்றுவிட்ட அண்ணன் லண்டனிலிருந்து யோகனின் வேலையிடத்துக்கு ரெலிபோனில் சொல்லியிருக்கிறான். மாரடைப்பு. போன வருடம் நடந்ததை நினைத்து யோகன் பயந்துவிட்டான். வீட்டில் இருந்தால் செய்தி கேள்விப்பட்ட தமிழர் ஒவ்வொருவராக ரெலிபோன் எடுப்பார்கள், அல்லது பெண்சாதி பிள்ளைகளோடு வந்து வாசலிலேயே ஒப்பாரி வைப்பார்கள். செவ்வாய்க்கிழமை திலகாவை டொக்டரிடம் காட்டும் நாள். அவருக்கு முன்னால் வைத்துச் சொல்லலாம், அதுவரை ஆளில்லாத இடத்துக்குக் கொண்டுபோவோம் என்று மலரோடு பேசி முடிவெடுத்திருக்கிறான். பூங்காவில் ரெலிபோன் பெட்டிக்குப் போனது, செய்தி தெரிந்தவர்களிடம் திலகாவுக்கு இப்போது சொல்லவேண்டாம் என்று கேட்கத்தானாம். என்னிடம் சொல்லவேண்டாம் என்றது மலர்தான். "உங்கட முகத்தில எல்லாம் எழுதி ஒட்டியிருக்கும்" என்றாள்.

ஊரில் ஒரு சாவு நடந்தால் பறைச்சத்தம் தெரு ஒழுங்கையெல்லாம் சொல்லிவிடும். ஒருவரும் ஒருவருக்கும் ஒளிக்க முடியாது. தூர இருப்பவனுக்கு மட்டும்தான் ஒளிப்பார்கள். இங்கே நாங்கள் எல்லோருமே தூர இருப்பவர்கள். பறையை விட்டுவிட்டு ஒளிக்கும் பழக்கத்தை மட்டும் கொண்டு வந்திருக்கிறோம்.

இதற்கிடையில் நளாயினி கிழவரிடம் போய் நடந்ததை ஆங்கிலத்தில் சொன்னாள். அப்பா சாகப் பார்க்கவில்லை, அது எங்கள் சமயத்தில் ஒரு சடங்கு, உங்கள் சப்பாத்துக்கு மன்னிக்கவும் என்றாள். எங்களைப்பற்றி ஒரு வெளியாளிடம் அவள் வெட்கப்படாமல் பேசியதை அன்றுதான் கேட்டேன். திரும்பி வந்து என்னிடம், "வை டிட்ன்ற் தே ஜஸ்ற் ரெல் ஹேர்?" என்றாள். திலகாவிடம் ஏன் நேரே சொல்லவில்லையாம். பதில் சொல்வதென்றால் மெயில் ரயிலிலிருந்து தொடங்கவேண்டும். ஒரு நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். "யா" என்றாள்.

தேத்தண்ணி குடித்தபின் திலகா என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணை, கடலில என்ன செய்தனீங்கள்?"

அரிசி விட்டதையும் மூன்று தரம் முழுகியதையும் சொன்னேன்.

"ஆற்ற பேரைச் சொன்னனீங்கள்?"

"பேர் சொல்லேல்லைப் பிள்ளை. பல்லுக் கிட்டிப்போச்சு."

"அப்ப நல்லது. மாமி உயிரோட இருக்க அது அவவுக்கெண்டு இருக்கக்கூடாது. எங்கட அப்பாவுக்கெண்டு வையுங்கோ. என்ர தம்பி அங்க எல்லாம் செய்திருப்பான். ஆனா என்ர பக்கத்தால ஒண்டும் போகேல்லை. அப்பா முப்பது வருசம் காங்கேசன்துறைத் துறைமுகத்தில வேலை செய்த மனுசன். கடலெண்டால் அவருக்குப் போய்ச் சேரும்."

நான் உறவினன் அல்ல, எனக்குச் சாவுத் துடக்கும் இல்லை, முறைப்படி இது பிழை என்று சொல்ல நினைத்தேன். ஆனால் அவருடைய பெயரைக் கேட்டேன். கந்தையா என்றாள். ஐந்து பேரும் கரைக்குப் போனோம். அவளை நனையவிடவில்லை. நான் கணுக்கால் தண்ணீரில் நின்று, கந்தையா என்று மூன்று முறை சத்தமாகச் சொன்னேன். பாலத்தில் கிழவர் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். திலகா அப்போதுதான் எங்களுக்கு முன்னால் அழுதாள். யோகன் அவள் முதுகைத் தடவிக்கொண்டே, "பிள்ளை துடிக்குதோ, துடிக்குதோ" என்று கேட்டான். "உதைக்குது, சும்மா இருங்கோ" என்றாள்.

7

பின்னேரம் வீடு திரும்பினோம். கடிதப் பெட்டிக்குள், வெள்ளிக்கிழமை எடுக்க மறந்த அம்மாவின் கடிதம் கிடந்தது. யூன் நாலாம் திகதி எழுதியது. மலர் அதை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். அது நாலாம் திகதி வரைக்குமே சாட்சி என்றேன். மகளின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். எங்கள் ஆட்கள் இப்படியான விடயங்களில் சத்தியமும் செய்யக்கூடியவர்கள். ஆனாலும் அந்த இரவு நம்பிப் படுத்தேன்.

செவ்வாய்க்கிழமை ஐந்தரைக்கு எழும்பினேன். கேத்திலை வைக்கவில்லை, நாட்குறிப்பை எடுக்கவில்லை. முதல் வேலையாக என் மேலதிகாரியின் வீட்டுக்கு ரெலிபோன் எடுத்து, குடும்பத்தில் ஒரு மரணம், இன்று வரமாட்டேன் என்றேன். நித்திரைக் குரலில் இறந்தது யார் என்று கேட்டார். என் தம்பியின் மாமனார் என்றேன். உனக்குத் தம்பி இருப்பது எனக்குத் தெரியாதே என்றார்.

இரண்டு தெரு தள்ளி இருக்கிறான் என்றேன்.